மூன்றாவது வரிசை ஜன்னல்

காலை எட்டு இருபது பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால், அன்றைக்கு முழுக்க எனக்குத் தலைவலி வராது. நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான், ஐயா.

பதினோரு வருடமாக அதே பேருந்து. யார் எப்படி என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கர்ப்பிணி ஏறியதும் சட்டென்று தூங்கிப்போகும் வங்கிக்காரர் ஒருவர் உண்டு. அவள் இறங்கியதும் விழித்துக்கொள்வார். மருமகளைப் பற்றி வண்டிக்கே கேட்கும்படி போனில் புலம்பிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று முடிக்கும் அம்மாள் உண்டு. நானும் சிரித்துக்கொண்டே வருகிறவன்தான்.

ஒரு தையல்காரர் அந்த வண்டியில் வர ஆரம்பித்த பிறகு சிரிப்பு வரவில்லை. எனக்கு முந்தைய நிறுத்தத்தில் ஏறி, என் ஜன்னலில் நோகாமல் உட்கார்ந்திருப்பார். ஏழு மாதமாக இதே கதை. "வாங்கண்ணே" என்று பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டுவார், ஏதோ தன் வீட்டு சோபா மாதிரி. ஒருமுறை என் சட்டைப் பொத்தான் தொங்குவதைப் பார்த்து, ஓடுகிற வண்டியிலேயே தைத்துக் கொடுத்தார். ஊசி என்மேல் படவே இல்லை. கெட்டிக்காரர், இல்லையென்று சொல்லமாட்டேன்.

அன்று அரை மணி முன்பே கிளம்பி, அவருடைய நிறுத்தத்துக்கு நடந்தே போய், முண்டியடித்து ஏறி ஜன்னலைப் பிடித்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது. "இன்னிக்கு உங்க அதிர்ஷ்டம்ணே. இதைக் கொஞ்சம் வெச்சுக்கோங்க" என்று பையை என் மடியில் வைத்துவிட்டு நின்றுகொண்டார்.

பாதி வழியில் ஒருவர் பர்ஸைக் காணோம் என்று கத்தினார். அது என் காலடியில்தான் கிடந்தது. கொடுக்கத்தான் எடுத்தேன். நாளைக்கும் இவ்வளவு தூரம் நடக்க வேண்டுமே என்று அப்போதுதான் தோன்றியது. மடியிலிருந்த பையின் ஜிப் திறந்திருந்தது.

எல்லாருடைய பையையும் கொட்டிப் பார்த்தார்கள். பர்ஸ் விழுந்த பை யாருடையது என்று கேட்டார்கள். அவருடையது என்றேன். அதில் பொய் இல்லை.

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே" என்றார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்கிப் போட்டு அடித்தார்கள். வலது கையை யாரோ செருப்புக் காலால் மிதித்தார்கள். நான்கு விரல் இனி மடங்காதாம். அவர் மனைவி தினமும் நிறுத்தத்தில் நின்று, "பாத்தவங்க யாராச்சும் சாட்சி சொல்ல வாங்க" என்று கெஞ்சுகிறார். என்னிடமும் கேட்டார். பாவமாக இருந்தது, இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

பர்ஸை அந்தப் பைக்குள் போட்டது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: பேர்கூடத் தெரியாத ஒருவனை நம்பிப் பையைக் கொடுத்தது அவர். மனிதனுக்குக் கொஞ்சமாவது ஜாக்கிரதை வேண்டாமா, ஐயா?