சுத்தம் செய்த குரல்

ஒலிப்பதிவைத் தொடங்குவதற்கு முன் உன் அம்மா ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கார் சாவியை அதற்குள் வைத்துவிடுவாள். ஃப்ரிட்ஜ் ஓடினால் அந்த முனகல் மைக்கில் விழும். சாவி உள்ளே இருந்தால், வெளியே கிளம்பும்போது அதை எடுக்கப் போய், பிளக்கைத் திரும்ப மாட்டும் நினைவும் வந்துவிடும். எங்கள் தொழிலில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறோம். பள்ளியிலிருந்து உன்னை அழைத்துவர அவள் ஜில்லென்ற சாவியோடு ஓடி வந்தது உனக்கு நினைவிருக்கும், பிரிட்டா. பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் பால் கெட்டுப்போனது என்று பெருமையாகச் சொல்வாள்.

அவ்வளவு ஒழுங்கானவள் தன் உடம்பை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் காப்பிக் கோப்பையோடு என்னிடம் வந்து நீ சொன்னாய். "ஈஸ்டரப்பவே அவளைத் தரதரன்னு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருக்கணும், ரோலி. என் தப்புதான்." அங்கே எல்லோர் முன்னாலும் அதைப் பேச முடியவில்லை. உன் தப்பு இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும், ஆனாலும் முறையாகச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் இருக்கும் ஒரு பதிப்பகம் பன்னிரண்டு நாவல்களை ஒலிப்புத்தகமாக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தது. ஏரியில் படகு ஓட்டும் கேப்டன் இங்கா கொலைகாரர்களைக் கண்டுபிடிக்கும் கதைகள். படிப்பதற்கு உன் அம்மா ஆர்லிஸை நான் ஃப்ரீலான்ஸில் அமர்த்தினேன். அவள் டுலுத் நகரத்து மேட்டிலிருந்த வீட்டில், குளிர்காலக் கோட்டுகள் தொங்கும் அலமாரி அறைக்குள் உட்கார்ந்து படிப்பாள். பத்துத் தெரு கீழே நான் அதைச் சுத்தம் செய்வேன். எச்சில் சத்தம், வயிற்றுக் கடமுடா, துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலின் ஊதல், அளவுக்கு மீறிய மூச்சு எல்லாவற்றையும் வெட்டி எடுப்பேன்.

பதிப்பகம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. முதல் புத்தகத்திலிருந்து கடைசி வரை ஒரே குரலாக இருக்க வேண்டும். நடுவில் குரல் மாறினால் பழையதையெல்லாம் எடுத்துவிட்டு, வேறொருவரை வைத்து முதலிலிருந்து படிக்கச் சொல்வார்கள். எனக்கும் ஆர்லிஸுக்கும் இடையிலிருந்த ஒப்பந்தம் ஒரே பக்கம், நானே தட்டச்சு செய்தது. உடம்பு முடியாவிட்டால் எந்த நாளும் ஒரு கடிதத்தோடு அவள் விலகிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. அந்த வரியை அவள் கேட்கவில்லை, நானாகவே சேர்த்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

ஜனவரியில் எட்டாவது புத்தகம் நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் 'தண்ணீர்' என்ற சொல்லின் வாலில் மணல் மாதிரி ஒரு கரகரப்பு. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் சத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். மைக் கேபிளை மாற்றச் சொன்னேன், மாற்றினாள். மறுநாளும் மணல் இருந்தது. அவள் காலையில் என்ன சாப்பிட்டாள், உன்னோடு தொலைபேசியில் சண்டை போட்டாளா இல்லையா என்பதைக்கூடக் குரலை வைத்தே சொல்லிவிடுவேன். அதனால் இது கேபிள் விவகாரம் இல்லை என்று தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை.

சுத்தம் செய்தேன். பழைய புத்தகங்களில் அவள் பேசிய ஒவ்வொரு சொல்லும் என்னிடம் இருந்தது. மணல் விழுந்த சொல்லை எடுத்துவிட்டு, அதே சொல்லைப் பழைய பதிவிலிருந்து பொருத்தினால் போதும். ஒட்டுப் போட்ட இடம் யாருக்கும் தெரியாது. ஜனவரியில் ஒரு நாளைக்குப் பத்து இடம் இருந்தது. மார்ச்சில் நூறைத் தாண்டிவிட்டது.

மார்ச்சில் ஒருநாள் அவளே கூப்பிட்டாள்.

"ரோலி, ஒன்னு கேப்பேன், ஒளிக்காம சொல்லணும். என் குரல் எப்படி இருக்கு?"

"எப்பவும் போலத்தான்."

"எனக்கு உள்ளே கரகரன்னு இருக்கு. எட்டு வாரமாச்சு. பத்தாம் தேதி தொண்டை டாக்டர்கிட்ட போறேன். அவரு பேசாதேன்னு சொன்னா ஒப்பந்தத்தை விட்டுடுவேன். கோவிச்சுக்காதே."

"நேத்து பதிஞ்சதை அனுப்பறேன். நீயே கேட்டுப் பாரு."

நேற்றுப் பதிந்ததில் பன்னிரண்டு நிமிடத்தை எடுத்து அன்று பிற்பகல் முழுக்க உட்கார்ந்து சுத்தம் செய்து அனுப்பினேன். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். "பைத்தியக்காரி மாதிரி பயந்துட்டேன் பாரு. ஃபர்னஸ் காத்துல தொண்டை காஞ்சிருக்கு, அவ்ளோதான். செவிட்டுக் கிழவன்னு உன்னைச் சொன்னதெல்லாம் வாபஸ்." பத்தாம் தேதிச் சந்திப்பை ரத்து செய்துவிட்டாள். ரத்து செய் என்று நான் சொல்லவில்லை. அது உனக்குத் தெளிவாக இருக்க வேண்டும்.

ஈஸ்டர் விருந்தில் பன்றித் தொடையை வெட்டிக்கொண்டிருந்தபோது, "அம்மா, உன் தொண்டை சரியில்லை" என்றாய். அவள் கைப்பேசியை எடுத்து அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைப் போட்டுக் காட்டினாள். "மைக் பொய் சொல்லாது" என்றாளாம். என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நீயும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டாய். ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவளிடம் நீ என்ன வாதாட முடியும்? அன்றைக்கு நீ கேட்டது உன் அம்மாவின் குரல் இல்லை, என் வேலைப்பாடு. என்னாலேயே அதில் குறை கண்டுபிடித்திருக்க முடியாது. ஆகவே உன் மேல் ஒரு துளியும் பழி இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எனக்கு ஐனோ என்று ஓர் அண்ணன் இருந்தான். துறைமுகத்தில் கப்பல்களுக்கு இரும்புத் தாது ஏற்றும் வேலை பார்த்தவன். பதினைந்து வருடத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் பேசுவோம். அவன் சொற்களின் வாலிலும் இதே மணல் இருந்தது. சளி என்றான். ஒரு வருடம் கழித்து அது புற்றுநோய் என்றார்கள். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் சின்ன விஷயமாக முடித்திருக்கலாம் என்று அவனுடைய டாக்டர் என்னிடம் சொன்னார். அந்த வாக்கியம் எனக்கு ஜனவரியிலேயே நினைவுக்கு வந்தது. மார்ச்சிலும் வந்தது.

ஏன் என்று கேட்பாய். என் மனைவி போன பிறகு, நாளைக்கு ஆறு மணி நேரம் என் காதில் இருந்த குரல் ஆர்லிஸுடையது மட்டும்தான். எனக்கு அவளை எவ்வளவு பிடிக்கும் என்று அவளிடம் சொன்னதில்லை, சொல்லும் ஆளும் இல்லை நான். வைத்தியம் பார்த்திருந்தால் உடம்பு தேறியிருக்கும். ஆனால் தொண்டையில் கதிர்வீச்சு பட்ட பிறகு அந்தக் குரல் திரும்பி வருமா? இங்காவை வேறு யாரோ படிப்பார்கள். உன் அம்மா படித்த ஏழு புத்தகங்களும் உலகத்திலிருந்தே காணாமல் போய்விடும். அவள் உடம்பைப் பற்றிக் கவலைப்பட நீ இருந்தாய், டாக்டர்கள் இருந்தார்கள். குரலைப் பற்றிக் கவலைப்பட என்னைத் தவிர யாரும் இல்லை.

ஜூனில் கடிதம் வந்தது. பத்துத் தெரு தள்ளி இருப்பவனுக்குத் தபால்தலை ஒட்டி அனுப்பியிருந்தாள். 'உடல்நலக் காரணங்களால் ஒப்பந்தத்திலிருந்து முன்கூட்டியே விலகுகிறேன். பத்தாவது புத்தகத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மன்னித்துவிடு, ரோலி.' ஒப்பந்தப்படி நான் சரி என்று சொல்வதைத் தவிர வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. காட்டரிசி சூப்பும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு மேட்டின் மேல் ஏறிப் போனேன். அவள் சூப்பை மட்டும் குடித்தாள், ரொட்டியைத் தொடவில்லை. கழுத்தெலும்பு தெரிந்தது.

"மைக்குல எப்படி இருந்தா என்ன, என்னால முடியலை, ரோலி. ஒரு பக்கம் படிச்சா களைச்சுப் போயிடறேன்."

"நீ போனா பத்தையும் எடுத்துடுவாங்க, ஆர்லிஸ். முதல்லேர்ந்து வேற ஒருத்தி படிப்பா."

"இங்காவை எவளோ ஒரு சின்னப் பொண்ணு பேசறதா? அவ ஏரியையே பாத்திருக்க மாட்டா."

"பாத்திருக்க மாட்டா."

ஜன்னல் வழியாகக் கீழே ஏரியைப் பார்த்தாள். "சரி, பதினொன்னையும் முடிச்சுக் கொடுக்கறேன். அப்புறம் என்னை விட்டுடு."

"விட்டுடறேன்" என்றேன்.

பதினொன்றாவது புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் அவள் முகம் கழுவும் தொட்டியில் ரத்தம் துப்பினாள். அது ஆகஸ்ட். நீ மினியாபொலிஸிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாய். குரல்வளை முழுவதையும் எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு பேச முடியாது என்றார்கள். வியாழக்கிழமை காலை அறுவை சிகிச்சை. நீ மூன்று நாளாக அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. அன்று காலை நான் மருத்துவமனைக்கு வந்து, ஒப்பந்த விஷயம், பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று உன்னை வெளியே அனுப்பினேன். என் கோட்டுப் பையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவி இருந்தது.

பன்னிரண்டாவது புத்தகத்தை நான் ஏற்கெனவே அவளுடைய பழைய சொற்களை வைத்துக் கட்டத் தொடங்கியிருந்தேன். பதினோரு புத்தகம் படித்தவளிடம் பன்னிரண்டாவதுக்கு வேண்டியது ஏறக்குறைய எல்லாமே கிடைத்தது. ஏழு சொற்கள் மட்டும் குறைந்தன. கடைசிக் கதையில் இங்கா படகை விற்றுவிட்டு நெப்ராஸ்காவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறாள். நெப்ராஸ்கா என்ற பெயர் அதற்கு முன் ஒரு புத்தகத்திலும் வரவில்லை.

காகிதத்தை நீட்டினேன். பார்த்தாள். "விடறேன்னு சொன்னியே" என்றாள். குரல் நூலாக வந்தது.

"ஏழே வார்த்தை, ஆர்லிஸ்."

படித்தாள். ஆறு சொற்கள் பரவாயில்லை. நெப்ராஸ்காவின் முடிவு உடைந்தது. மறுபடி சொல்லச் சொன்னேன். நான்கு தடவை சொன்னாள். பிறகு கையால் என்னைத் தடுத்து, "போதும். பிரிட்டாவைக் கூப்பிடு. அவகிட்ட ஒன்னு சொல்லணும்" என்றாள்.

"கூப்பிடறேன். இன்னும் ஒரே தடவை நெப்ராஸ்கா."

சொன்னாள். அதுதான் நன்றாக அமைந்தது. அதற்குள் தள்ளுகட்டிலோடு ஆட்கள் வந்துவிட்டார்கள், சொன்ன நேரத்துக்கு முன்பே. நீ காப்பியைச் சிந்திக்கொண்டு ஓடி வந்தபோது அவள் முகத்தில் ஆக்ஸிஜன் மூடி இருந்தது. உன் கையைப் பிடித்துக்கொண்டே போனாள். அம்மா என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டாய். ஒன்றும் இல்லை, களைப்பாக இருந்தாள் என்றேன். அதன் பிறகு அவள் கண் விழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள்.

புத்தகம் அக்டோபரில் வெளிவந்தது. தொடர் முழுவதிலும் கடைசிப் புத்தகத்தில்தான் குரல் பளிச்சென்று இருக்கிறது என்று கேட்டவர்கள் எழுதுகிறார்கள். ஆர்லிஸ் ஒப்பந்தத்தை முழுமையாக முடித்துக் கொடுத்ததாகத்தான் பதிப்பகத்தில் குறித்திருக்கிறார்கள். உண்மையில் அவள் மார்ச்சிலேயே விலகப் பார்த்தாள், ஜூனில் எழுதியே கொடுத்தாள். அவளுக்கு என்ன நோய் என்று எனக்கு ஜனவரியிலேயே தெரியும். தெரிந்துதான் மறைத்தேன். அவள் பிழைத்திருப்பாள் என்பதும் தெரியும். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், நான் மறுக்க மாட்டேன்.

அன்று காலை நெப்ராஸ்காவுக்குப் பிறகு, ஆட்கள் உள்ளே வருவதற்குள், உன்னிடம் சொல்ல நினைத்ததை அவள் ஒரே வாக்கியமாகச் சொல்லிவிட்டாள், அதுவும் கருவியில் பதிந்திருந்தது. அது உனக்குச் சேர வேண்டியது, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மிகவும் மோசமாக இருந்தது, உன்னால் அதைக் கேட்டிருக்க முடியாது. இரண்டு வாரம் உட்கார்ந்து சரிசெய்தேன். உன் பெயர் எந்தப் புத்தகத்திலும் வராததால் அதை மட்டும் வேறு சொற்களிலிருந்து துண்டுதுண்டாக எடுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. பழைய பதிவை அழித்துவிட்டேன். போட்டுக் கேள், பிரிட்டா. அவளுக்கு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும்.