முகம் பார்த்துப் பூட்டியவர்

உட்துறைமுக ஐஸ் தொழிற்சாலையின் முற்றத்தில் இப்போது இருப்பவர்கள்: நாளை முதல் போர்மனாகப் பொறுப்பேற்கும் இராசையா, எந்திர அறை அலியார், மீன் அறை அபூதாஹிர், கணக்கெழுதும் புஸ்பராணி, கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து பூமாலையோடு வந்திருக்கும் முகாமையாளர், ஐஸ் உடைப்போர், ஏற்றுவோர், காவலர். எல்லோரையும் முகம் பார்த்து எண்ணியாயிற்று. தம்பிராசா இல்லை. அவர் பெயருக்கு யாரும் ஓம் சொல்லவில்லை.

அமோனியாவின் காரத்தையும் கடலின் உப்பையும் ஒரே மூச்சில் இழுத்து வாழ்ந்தவர், அதட்டாமல் வேலை வாங்கியவர், ஆபத்தில் ஆளை முதலில் தேடியவர், இன்று ஓய்வுபெறும் எங்கள் போர்மன் பாக்கியரத்தினம் அவர்களுக்கு ஊழியர் அனைவரின் வணக்கம். நல்லதை மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் எங்களை மதிக்கமாட்டார். ஆகவே நடந்ததைச் சொல்கிறோம்.

முன்பு இங்கே ஒரு வழக்கம் இருந்தது. சம்பூரிலிருந்து வருபவருக்கு லோஞ் படகு பிந்தினால், பெயர் கூப்பிடும்போது பக்கத்தில் நிற்பவர் ஓம் என்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனவருக்காகச் சம்பூர்க்காரர் ஓம் என்பார். அதைக் களவு என்று யாரும் நினைக்கவில்லை. போர்மனுக்கும் தெரியும். கேட்டும் கேளாதவர்போல அடுத்த பெயருக்குப் போவார்.

எந்திர அறையில் அமோனியாக் குழாய் வெடித்த அன்று எல்லோரும் காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஓடி இறங்குதுறையில் கூடினோம். போர்மன் கதவில் கண்ணை வைத்துக்கொண்டே பெயர்களைக் கூப்பிட்டார். "தம்பிராசா." "ஓம்." லோஞ் பிந்திவிட்டது என்று நினைத்த ஒருவர் பழக்கத்தில் சொன்ன ஓம் அது. தம்பிராசாவோ முதல் லோஞ்சிலேயே வந்து, எந்திரத்துக்குப் பின்னால் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். வாயு பரவாமலிருக்க இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டவேண்டும் என்பது விதி. போர்மன் தன் கையாலேயே பூட்டினார். அந்தக் கதவுக்கு உட்புறம் கைப்பிடி இருக்கவில்லை. பிறகு திறந்தபோது தம்பிராசா கதவோடு சாய்ந்து கிடந்தார்.

கந்தோர் விசாரணைக்கு வந்தது. ஓம் சொன்னவரின் பெயர் வேண்டும் என்றது. ஊரிலும் அந்தப் பெயருக்காகச் சிலர் பொல்லும் தடியுமாகக் காத்திருந்தார்கள்.

"கூப்பிட்டது நான். முகத்தைப் பாராமல் சத்தத்தை நம்பினதும் நான். என்ர பெயரை எழுதுங்கோ," என்றார் போர்மன்.

அவர்கள் அவருடைய பெயரையே எழுதினார்கள். பாதுகாப்பே எங்கள் உயிர் என்று ஒரு பலகையை அனுப்பி, விடயத்தை முடித்தார்கள். கதவுக்கு உட்பக்கக் கைப்பிடியைப் பொருத்துவித்தவர் போர்மன். ஓம் சொன்னவர் இன்றும் எங்களோடு நிற்கிறார். இந்த மடலிலும் அவர் பெயர் இல்லை.

தம்பிராசாவின் மனைவி புஸ்பராணி வேலைக்கு வந்த முதல் நாள் கேட்டது ஒன்றுதான். "நீங்கள்தானே பூட்டினீங்கள்?"

"ஓம் பிள்ளை."

அதற்குப் பிறகு அவர் போர்மனின் முகத்தைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு மாலையும் எங்களை வரிசையில் நிறுத்தி, முகம் முகமாகப் பார்த்தபின்பே போர்மன் கதவைப் பூட்டுவார். புஸ்பராணி நிலத்தைப் பார்த்தபடி நிற்பார்.

மறுபடி வாயு கசிந்தபோது மீன் அறை நிறைய மீன் இருந்தது. வாயு அங்கே பரவுமுன் எந்திர அறைக் கதவை உடனே பூட்டச் சொன்னார் அப்போதைய முகாமையாளர்.

"அலியாரின்ர முகத்தை நான் காணேல்லை."

"அவன் இண்டைக்கு வரேல்லை எண்டுதான் நினைக்கிறன்."

"நினைப்பை நம்பிப் பூட்ட ஏலாது, ஐயா."

போர்மன் நனைத்த சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்தார். மறுபடியும் போனார். அலியார் கிண்ணியாவில் மச்சானின் கலியாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மீன் முழுவதும் பழுதாயிற்று. போர்மனுக்கு வரவிருந்த பதவி உயர்வு போயிற்று. நெஞ்சும் அன்றோடு கெட்டது.

"எனக்காக இவ்வளவு மீனா, ஐயா? ஊட்டுல சொன்னா நம்பமாட்டாங்க," என்றார் அலியார் மறுநாள்.

"லீவெண்டா சொல்லிப்போட்டுப் போடா," என்றார் போர்மன். சிரிக்கவில்லை.

அன்று அவர் செய்தது வீண் என்று கந்தோர் சொன்னது. உள்ளே ஆள் இல்லை என்பது பார்த்த பிறகுதானே தெரியும். அவர் செய்தது சரி என்று, முகாமையாளர் கேட்கும்படியாகவே சொல்கிறோம்.

அவருக்கு மூச்சு இலகுவாக வரட்டும். இருமாமல் உறங்கட்டும். நெடுங்காலம் இருக்கட்டும். இப்படிக் கேட்டு ஊழியர் அனைவரும் ஒப்பமிட்டுள்ளோம்.

மிச்சத்தை இந்தக் கூட்டத்துக்குச் சற்று முன்னர்தான் எழுதிச் சேர்த்தோம். போர்மன் கடைசியாக எந்திர அறையைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார். இராசையா திறப்புக் கொத்தோடு வாசலில் நின்றார். முகம் பார்க்கும் ஆளே உள்ளே இருந்ததால், யார் பார்த்துச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. போர்மன் வெளியே வந்தார். வரிசையிலிருந்து புஸ்பராணி முன்னால் வந்து, தலையை நிமிர்த்தி, அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"நான் பாத்தனான். ஐயா வெளியில நிக்கிறார். பூட்டுங்கோ."

போர்மனுக்குப் பின்னால் இராசையா கதவைச் சாத்திப் பூட்டினார்.