மச்சான் பிடித்த கயிறு

ஊரில் பொருட்காட்சி வந்தால் எனக்கு முதலில் பிடிப்பது ரங்கராட்டினம்தான், சுவாமி. ஏறிச் சுற்ற அல்ல, கீழே நின்று பார்க்க. சிரித்துக்கொண்டே ஏறுகிறவர்கள் மேலே போனதும் பக்கத்தில் இருப்பவர் கையைத் தேடிப் பிடிக்கிறார்கள். தெரிந்தவன் கையா, தெரியாதவன் கையா என்று அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை.

பாவத்தைச் சொல்ல வந்து பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டுக்கொண்டு இவன் ஏன் ராட்டினத்தைப் பற்றிப் பேசுகிறான் என்று நினைப்பீர்கள். வெளியே கிழவிகள் முக்காடிட்டுக் காத்திருக்கிறார்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். போன வருஷம் யுத்த நிதிக்காக நம் கடற்கரையில் நடந்த பொருட்காட்சியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நீங்கள் அப்போது இந்த ஊருக்கு மாற்றலாகி வரவில்லை.

கமிட்டிக்குக் காரியதரிசி கருப்பட்டி மண்டி காசிலிங்கம் அண்ணாச்சி. நல்ல மனுஷர், ஓடியாடி வேலை செய்தார். சாயர்புரத்து வாத்தியார்கள் மின்சாரத்தால் மணியடித்துக் காட்டினார்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நாதஸ்வரம் வந்தது. எட்டயபுரத்துக்காரர் ஒருவர் ஐந்து கால் கன்றுக்குட்டியைக் கொண்டுவந்து கட்டினார். இதெல்லாம் எந்த ஊரிலும் பார்க்கலாமே, தூத்துக்குடிக்கென்று என்ன இருக்கிறது என்று அண்ணாச்சி மண்டையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் முத்துக்குளிப்பதைக் காட்டுவது என்று முடிவாயிற்று. முத்துச் சலாபம் நடந்தே வருஷக்கணக்காகிறது, கடலில் சிப்பி கிடையாது. அதனாலென்ன, கடற்பாலத்து முனையில் தண்ணீருக்குள் பழைய சிப்பிகளை முன்கூட்டியே கொட்டிவைத்தோம். குளியாள் மூழ்கி அள்ளிவருவான், கரையில் நிற்கிறவர்கள் வாங்கி உடைத்துப் பார்க்கலாம். உள்ளே ஒன்றும் இருக்காது என்று தெரிந்தே வாங்கினார்கள். உடைக்கும்போது மட்டும் அத்தனை முகமும் மாறிப்போகும்.

குளியாளாக இறங்கியவன் வளன், என் தங்கை ஞானசௌந்தரியின் புருஷன். அவனுக்குக் கயிறு பிடித்தவன் நான்.

நீங்கள் உள்நாட்டுக்காரர், இந்த வழக்கம் தெரிந்திருக்காது. எங்கள் ஆட்களில் ஒருவன் மூழ்கினால், தோணியில் அவன் கயிற்றைப் பிடிக்கிறவன் அவன் மனைவியோடு பிறந்தவனாகத்தான் இருப்பான். அண்ணன் தம்பியை நம்புவதில்லை, பங்காளிக்கு ஆயிரம் நினைப்பு வரும். மச்சானுக்கு வராது. கயிறு தவறினால் தாலி அறுக்கப்போவது அவன் கூடப்பிறந்தவள். இதைவிடப் பந்தோபஸ்தான ஏற்பாட்டை எந்த சர்க்காரும் செய்ததில்லை.

சௌந்தரியை வளர்த்தவன் நான். ஒரே பேதியில் அப்பனும் ஆத்தாளும் போனபோது அவளுக்கு நடை பழகவில்லை. எனக்கும் சின்ன வயசுதான். கஞ்சி காய்ச்சி ஊட்டினேன், பேன் பார்த்தேன், கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது அவளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துப்போட்டேன். பிறகு அவள் பொங்கிப்போட்டாள், நான் சாப்பிட்டேன். கல்யாணம் கட்டிக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை. வளனுக்கு அவளைக் கொடுத்ததுகூட, அவனுக்கு வீடு வாசல் கிடையாது, எங்களோடேயே இருப்பான் என்பதற்காகத்தான்.

அவன் கெட்டவன் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடிப்பான், அப்போதும் வாய் பேசுவானே தவிரக் கை நீட்டியதில்லை. நீட்டியிருந்தால் இதைச் சொல்வது எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

கொச்சித் துறைமுகத்தில் முக்குளிக்கிற ஆட்களைக் கூப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு போவதென்று தீர்மானித்தான். பொருட்காட்சி முடிந்த மறுநாள் ரயில். கொச்சியில் ஓயாத மழை, அவளுக்கு நெஞ்சில் சளி கட்டும் என்று எடுத்துச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் சௌந்தரி துணி மடித்துக்கொண்டே பாடினாள். நான் வளர்த்த காலமெல்லாம் அவள் பாடி நான் கேட்டதில்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

“நீயும் ஒருத்தியக் கட்டிக்கிட்டு நல்லா இரு அண்ணே. நான் எத்தன காலத்துக்குத்தான் ஒனக்குப் பொங்கிப் போட்டுக்கிட்டுக் கெடப்பேன்.”

அன்பாகத்தான் சொன்னாள். ஊர் தெரியாத ஊரில் இந்தப் பெண் என்ன பாடுபடுவாளோ என்று அன்று தூக்கமே வரவில்லை. அவளுக்காகத்தான் கவலைப்பட்டேன் என்பதை நீங்கள் நம்பவேண்டும்.

கடைசி நாள் கலெக்டர் துரை வருவதாக இருந்தது. அண்ணாச்சி வேர்த்து விறுவிறுத்துத் தோணிக்கு வந்தார்.

“வளனு, நீரு போன சுருக்குல மேல வந்துருதீரு. சனம் வாயப் பொளக்கதுக்குள்ள முடிஞ்சுபோவுது. இன்னைக்குத் தொரை வாராரு. அடியில கொஞ்சம் தங்கி வாருமேன்.”

குளியாள் கல்லை மிதித்துக்கொண்டு இறங்கி, தரை தட்டியதும் அதை விட்டுவிடுவான். கல் இல்லாவிட்டால் தண்ணீர் ஆளை மேலே தள்ளும், சும்மா உட்கார்ந்திருக்க விடாது. வளன் அதைச் சொன்னான். அண்ணாச்சியின் முகம் தொங்கிப்போயிற்று. நான்தான் வழி சொன்னேன்.

“கல்ல இடுப்போட கட்டிக்கிடுவோம் மச்சான். நீ கயித்தச் சுண்டு, கல்லோட சேத்துத் தூக்கிருதேன்.”

வளன் கொஞ்சம் யோசித்தான். பிறகு சிரித்தான். “கயிறு ஒங் கையிலதான இருக்கு. ஒந் தங்கச்சியத் தாலியறுக்கவா போற.”

நானே கட்டினேன், முதுகுப் பக்கம் முடிச்சு வருகிற மாதிரி. முன்னால் முடிச்சுப் போட்டால் தண்ணீருக்குள் அவனே அவிழ்த்துக்கொள்வான் என்று அப்போது நினைத்தாயா என்று கேட்டால், நினைத்தேன். ஆனாலும் அந்த நிமிஷம்வரை அது வெறும் நினைப்பாகவே இருந்தது.

அவன் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினான். கரையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அண்ணாச்சி தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு, இன்னும் உள்ளே இருக்கிறார், இன்னும் உள்ளே இருக்கிறார் என்று சொல்லச் சொல்லக் கைதட்டல் ஏறிக்கொண்டே போனது. பெண்கள் கூட்டத்தில் சௌந்தரி முன்வரிசையில் நின்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள், மறுநாள் ரயிலுக்கென்று எடுத்துவைத்தது. அவளும் கைதட்டினாள்.

வளன் கயிற்றைச் சுண்டினான். என் விரலுக்குத் தெரிந்தது. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடியும் சுண்டினான். அப்புறம் அது சுண்டலாக இல்லை, பெரிய மீன் மாட்டிய தூண்டில் நரம்பு மாதிரிக் கயிறு அங்குமிங்கும் ஓடியது. தோணிகூட லேசாக ஆடியது. துரை எழுந்து நின்று கைதட்டினார், அவரைப் பார்த்துக் கூட்டமெல்லாம் ஆரவாரித்தது. நான் கயிற்றை இழுக்கவில்லை. விடவும் இல்லை. இதை நீங்கள் கவனிக்கவேண்டும், சுவாமி. கடைசிவரை கயிற்றை நான் விடவே இல்லை.

அது அடங்கிய பிறகு தூக்கினேன். கல்லும் சேர்ந்ததால் கனமாக இருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் உண்மையாகவே அழுகை வந்தது, யாருக்கும் காட்டுவதற்காக அழவில்லை. கரையில் சிலர் அப்போதும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

விசாரிக்க வந்தவர் ஜெபசிங் என்கிற இன்ஸ்பெக்டர், நாசரேத்துக்காரர். கயிறு பிடித்தது யார் என்று கேட்டார். மச்சான் என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். அதற்குமேல் என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை, தோளைத் தட்டிக்கொடுத்தார். அண்ணாச்சியைத்தான் கேள்விமேல் கேள்வி கேட்டார். தங்கி வா என்று சொன்னது அவர்தானே. அன்றோடு அந்த மனுஷர் ஒடிந்துபோனார். மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டார். தெருவில் என்னைக் கண்டால் இத்தனை பெரிய மனுஷர் கையெடுத்துக் கும்பிடுகிறார். “எம் பேராசையால ஒரு உசுரு போச்சு தம்பி, ஒந் தங்கச்சி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்” என்று விம்முகிறார். உங்கள் மேல் தப்பில்லை அண்ணாச்சி என்று ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் அனுப்புகிறேன். அவர் நம்புவதில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சௌந்தரி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். குளியாள் ஆபத்தில் சுண்டும்போது அவசரமாகக் கயிறு இழுத்தவன் கை தோலுரிந்திருக்கும், எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். என் கை நன்றாக இருந்தது. மெல்ல அதை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அதிலிருந்து எங்கள் வீடு பழையபடி ஆகிவிட்டது. அவள் பொங்கிவைக்கிறாள், நான் சாப்பிடுகிறேன். பேச்சு மட்டும் கிடையாது. என்னிடம் பேசாதவள் யாரிடமும் சொல்லவும் இல்லை. அண்ணன்தான் செய்தான் என்று சொன்னால், பாவம் பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். துக்கம் ஆறினால் பேசுவாள் என்று இருந்தேன்.

இப்போது வேம்பாரிலிருந்து ஹென்றி வந்திருக்கிறான், சங்கு குளிக்கிறவன். விதவை என்று பார்க்கவில்லை, சௌந்தரியைக் கேட்டான். சரி என்று அவனிடம் தலையாட்டியிருக்கிறாள். நாளைப் பூசையில் அவர்கள் கல்யாணத்துக்கு நீங்கள் முதல் ஓலை வாசிக்கப்போகிறீர்கள். நேற்று அவனே என்னைத் தேடி வந்தான்.

“எனக்கு நீருதான் கயிறு பிடிக்கணும் மச்சான். அவ என்னமோ வேண்டாம்ங்கா, கேட்டா காரணம் சொல்ல மாட்டேங்கா. சொந்த மச்சான் இருக்கயில வேற ஆளு பிடிச்சா ஊரு சிரிக்காதா.”

உள்ளே சௌந்தரி உலைமூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். வழக்கத்தை மீற நான் யார், சரி என்று சொல்லிவிட்டேன்.

ஓலை வாசிக்கும்போது, தடை தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று சபையைக் கேட்பீர்கள். சொல்லக்கூடியவள் வாய் திறக்க மாட்டாள், திறந்தாலும் எடுபடாது. நீங்களோ இந்தத் தொட்டியில் கேட்டதை வெளியே சொல்ல முடியாது, அதை நம்பித்தான் நானும் வந்தேன். ஆனால் குருவானவர் நினைத்தால் ஒரு கல்யாணத்தைத் தள்ளிப்போட ஆயிரம் சாக்கு இருக்கும். அந்தப் பையனுக்காகத்தான் சொல்கிறேன், அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஏன் பேசாமல் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. சின்ன வயதில் ஞானோபதேசத்தில் படித்ததையெல்லாம் முறைப்படி செய்திருக்கிறேன். பாவத்தை நினைத்துப் பார்த்தேன், மனஸ்தாபப்பட்டேன், ஒளிக்காமல் குருவிடம் சொன்னேன். எந்த அபராதம் கொடுத்தாலும் தீர்க்கிறேன். இனிமேல் செய்யமாட்டேன் என்கிற பிரதிக்கினை ஒன்றுதான் பாக்கி. அது என் கையில் இல்லை, சுவாமி, நாளைக்கு நீங்கள் ஓலை வாசிக்கிறீர்களா இல்லையா என்பதில்தான் இருக்கிறது.