நாற்பத்தாறு படி

ஐயா, விசாரணைக்கு வந்தவனுக்கு நாற்காலி கொடுத்தீர்கள், நன்றி. என் வலது முழங்கால் மழைக்காலத்தில் மடங்காது. முப்பது வருடம் வெந்நீர் பாய்லர் மாட்டும் வேலைக்காக, பாய்லரைத் தோளில் சுமந்து இஸ்தபலாபா மேட்டில் ஏறி இறங்கிய கால்.

மூத்த அம்மாள் தோன்யா ஒதிலியாவின் வீட்டுக்கு நாற்பத்தாறு படி. அவர், மருமகள் நியேவெஸ், அவள் கைக்குழந்தை, மூன்று பேர். எங்கள் மேட்டில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். சொட்டுகிற எதையும் யாரும் பொறுக்கமாட்டார்கள். அவர் பாய்லரின் பாதுகாப்பு வால்வு சொட்டியது.

"மேஸ்திரி, எம் பேரனவிட இது அதிகமா ஒண்ணுக்குப் போவுது. முடியலன்னா சொல்லிடு, கீழ்த்தெரு பால்தோமெரோவக் கூப்பிடுறேன். அவன் உன்ன மாதிரி பாத்துக்கிட்டே நிக்கமாட்டான்."

"அவன் எதுக்கு தோன்யா? நிறுத்திட்டாப் போச்சு."

வால்வின் வாயில் பித்தளை மூடியைத் திருகினேன். சொட்டு நின்றது. காபி கொடுத்தார்.

அது ஏன் சொட்டியது என்று எனக்குத் தெரியும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டு, தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதித்து வழி தேடியது. வெந்நீர் மேல்தொட்டிக்குத் திரும்பாமலிருக்க ஒருவழி வால்வு போட்டவனும் நானே. ஆக, இரண்டு வழியும் என் கையால் அடைபட்டன. தெர்மோஸ்டாட் பிறகு மாற்றலாம் என்றிருந்தேன். அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் பாய்லரை அணைத்துவிட்டு பால்தோமெரோவைக் கூப்பிடுவார்கள்.

மூடி போட்ட பத்தொன்பதாம் நாள் காலை, அந்தப் படிக்கட்டின் அடியில் நின்று, ரொட்டிக்குள் வைத்த சோளமாவுத் தமால் தின்றுகொண்டிருந்தேன். மேலே இரும்பை உள்ளிருந்து இடிப்பது போல ஒரு சத்தம்.

"என்னா மேஸ்திரி, மேல கல்யாணமா? மேளம் கேக்குது," என்றாள் தமால்காரி.

"பாய்லர்தான். இன்னும் கொஞ்சம் காரம் ஊத்து."

அந்தச் சத்தம் என்னவென்று தெரியும். நியேவெஸ் குழந்தையைக் குளிப்பாட்டும் நேரம் என்பதும் தெரியும். ஆனால் நாற்பத்தாறு படி, ஐயா. இந்தக் காலோடு.

பாய்லருக்கான கேஸ் சிலிண்டர் கீழேதானே இருந்தது என்கிறீர்கள். ஆமாம். சிலிண்டர்காரன் படியேற மாட்டான், அதனால் கீழேயே வைத்துக் குழாய் இழுத்திருந்தார்கள். நான் நின்ற இடத்திலிருந்து இரண்டு எட்டு. கேஸைத் திருகி மூடியிருக்கலாம். மூடினால், ஏன் மூடினாய் என்று கேட்க ஒதிலியா இறங்கி வருவார். தமால்காரி முன்னால் என்ன சொல்வது?

ரொட்டி தீருமுன் பாய்லர் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. மூவரின் உடல்களையும் கீழே இறக்கியபோது முன்பக்கம் பிடித்தவன் நான்தான். மூன்று தடவை ஏறி இறங்கினேன். அன்றைக்கு முழங்கால் வலிக்கவில்லை.

அதே மாதிரி இன்னும் பதினொரு வீடுகளில் மூடி போட்டிருக்கிறேன். முகவரி கேட்கிறீர்கள். உங்கள் ஆட்கள் போய்க் கழற்றினால், எனக்கு வேலை தெரியாது என்றல்லவா மேட்டில் பேசுவார்கள்? வேண்டாம். கால் சரியானதும் நானே போகிறேன். பதினொரு மூடிகளைக் கழற்றித் தர வேண்டியது அந்த வீடுகளுக்கு நான் பட்ட கடன்.