ஏழாம் தொட்டியின் அடித்தகடு

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. விசாரிக்க வந்திருக்கிறீர்கள், நின்றுகொண்டே சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். காற்று இப்படி அடிக்கிற நாட்களில் வேலை முடிந்ததும் கடலணையோரம் சைக்கிளை மிதித்துக்கொண்டே இருப்பேன்.

நெதர்லாந்தின் வடக்கே, வாடன் கடலோரத்தில் இருக்கும் எங்கள் கிடங்கில் பெட்ரோல் தொட்டிகளை எப்படிச் சோதிப்பது என்று முடிவு செய்யும் குழுவில் நானும் இருந்தேன். சுவரை வெளியிலிருந்தே அளந்துவிடலாம். அடித்தகடுதான் தொல்லை. அது மண்ணோடு ஒட்டிக் கிடக்கிறது. அதற்கு இரண்டு வழி. சுவரைச் சுற்றிக் கருவிகளை ஒட்டி, துரு அரிக்கும் ஓசையைக் கேட்பது ஒன்று. பெட்ரோலை முழுக்க இறைத்து, கழுவி, ஆள் உள்ளே போய்க் காந்தக் கருவியால் தகட்டில் அரிப்பைத் தேடுவது மற்றொன்று. ஏழாம் தொட்டியில் அடிக்கசடு கனம். கசடு ஓசையை விழுங்கிவிடும். திறந்துதான் பார்க்க வேண்டும் என்றேன்.

மேலாளர் வீபே சிரித்தார். "ஹில்கே, உன்ன விட்டா வயித்துவலின்னு வர்றவன் எல்லாரையும் கிழிச்சுப் பாப்ப போல."

"கசடு இருக்கு வீபே. காதுல பஞ்ச வச்சுக்கிட்டுக் கேக்குற மாதிரி."

"பஞ்சு உனக்குத்தான். எங்களுக்கு நல்லாவே கேக்கும்."

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். ஓசைச் சோதனையே நடந்தது. தொட்டி நலம் என்று வந்தது. வீபே கேக் வாங்கிவந்து எனக்குப் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தார்.

இலையுதிர்காலத்தில், பக்கத்துப் பண்ணைக்காரி பௌக்யாவின் வேலியோரம் புல் ஒரு பட்டையாகக் கருகியிருந்தது. மண்ணைக் கிளறி முகர்ந்தேன். பெட்ரோல்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஏதோ குழாய் மூட்டு ஒழுகியது என்று ஒரு திருகாணியை முறுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். யாரும் மறுக்க முடியாத அளவுக்கு வளரட்டும் என்று காத்திருந்தேன். எந்தச் சோதனைக்கும் அதற்குரிய காலம் கொடுக்க வேண்டும்.

அந்த வேலியடியில்தான் அவள் வீட்டுக் குடிநீர்க் குழாய் போகிறது. பிளாஸ்டிக் குழாய். பெட்ரோல் ஊறிய மண்ணில் கிடந்தால், உடையாமலேயே உள்ளே கசியவிடும். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரியும்.

வாரந்தோறும் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் மகள் நின்கே அப்போது கைக்குழந்தை, புட்டிப்பால். பால்மாவு கரைத்தபடி பௌக்யா கேட்டாள்:

"ஏண்டி, நீ தொட்டிக்காரிதானே, இந்தத் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குதா பாரு. என் வீட்டுக்காரரு என் மூக்குலதான் கோளாறுங்குறாரு."

முகர்ந்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"அப்ப மூக்குதான். சரி, காபி போடவா?"

"இப்பத்தான் குடிச்சேன்."

எங்கள் ஊரில் காபியை மறுத்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவள் பிஸ்கட் டப்பாவை நீட்டினாள். வழக்கம்போல் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

வசந்தத்தில் குழந்தையின் எலும்பில் இரத்தம் ஊறுவது நின்றுபோனது. குரோனிங்கன் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். காரணம் தேடிய மருத்துவர்கள் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார்கள். தண்ணீரிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து எங்களுக்கும் வந்தார்கள். ஏழாம் தொட்டியைத் திறந்தார்கள். கசட்டுக்கு அடியில் ஓட்டை இருந்தது. வீபே முகம் வெளுத்து, "நீ சொன்னதுதான் சரி, ஹில்கே" என்றார். அன்று முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் சொன்னதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

நின்கே அதே வாரம் இறந்தாள்.

புல் கருகியதை நான் முன்பே பார்த்தேன் என்பதையும், தண்ணீரில் வாடை அடித்தது என்பதையும் பௌக்யாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: இனி இங்கே எந்தத் தொட்டியையும் திறக்காமல் விடமாட்டார்கள். அதில் அவள் குழந்தைக்கும் பங்கு உண்டு. அவள் பெருமைப்படுவாள்.