ஒரு ஆள் எடைக்கு

கார் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு டயரில் காற்றுதான் குறைவாக இருக்கும். காற்றைப் பிடித்து அனுப்பிவிடுவேன். சக்கரக் கோணம் பார்க்கும் மெஷினில் ஏற்றிப் பாருங்கள் என்று அவர்களே கெஞ்சினாலும் ஏற்ற மாட்டேன். தேவையில்லாத வேலை செய்வது எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார், என்னைப் பற்றி உங்களுக்கு ஓர் அபிப்பிராயம் வேண்டுமல்லவா.

மீதிப் பாதியில்தான் சிக்கல் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தரையோடு தரையாக இறக்கியவர்கள். சக்கரங்கள் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும், எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பதெல்லாம் காரைச் செய்தவர்கள் ஓர் உயரத்துக்குப் போட்ட கணக்கு. உயரத்தை மாற்றினால் கணக்கு மொத்தமும் கலைந்துவிடும். அதோடு, இறக்கிய காரில் ஆள் ஏறினால் பின்பக்கம் பொத்தென்று உட்காரும். உட்கார்ந்ததும் பின் சக்கரங்கள் பார்க்கும் திசை மறுபடியும் மாறும். அதனால் இந்த மாதிரிக் கார்களைக் காலியாக நிறுத்தி அலைன்மென்ட், அதாவது சக்கரங்களை நேர்செய்யும் வேலை, செய்யக் கூடாது. யார் யார் ஏறுவார்கள் என்று கேட்டு, அந்தந்த இருக்கையில் அந்தந்த எடைக்கு மணல் மூட்டை வைத்து, அதற்குப் பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். டாக்டர் வயது கேட்பது போல நான் எடை கேட்பேன். சிலர் குறைத்துச் சொல்வார்கள். நான் மனதுக்குள் கூட்டிக்கொள்வேன். சொன்னதைவிட ஒருவர் கூடுதலாக ஏறினாலும் கார் தாங்கும்படி கொஞ்சம் இடம் விட்டும் வைப்பேன். யாரும் கேட்டுச் செய்வதல்ல, என் பழக்கம்.

அந்தப் பையனுக்கு எங்கள் பட்டறையில் தேய்ச்சான் என்று பெயர். வேகத்தடை வந்தால் அவன் கார் வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் தாண்டும். சத்தத்தை வைத்தே, தேய்ச்சான் வருகிறான் என்று சொல்லிவிடலாம். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. மரியாதையான பையன். நகம் வெட்டி, சட்டையை உள்ளே விட்டு, எதிரில் இருப்பவர் எந்த எழுத்தைப் படிக்கத் திணறுகிறார் என்று கவனிக்கிறவனைப் போலவே எல்லோரையும் பார்ப்பான். என் தங்கைக்குத் தலைவலி வந்தபோது அந்தக் கடைக்கு நான்தான் அழைத்துப் போனேன். இருட்டறையில் அவளை உட்கார வைத்து, இது தெளிவாக இருக்கிறதா, அது தெளிவாக இருக்கிறதா என்று ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றி மாற்றிக் கேட்டான். வெளியே வந்தவள், மரத்தில் இலைகள் தனித்தனியாகத் தெரிகின்றன அண்ணா என்றாள். எனக்கு அப்போதே கொஞ்சம் பிடிக்கவில்லை. இலைகள் எனக்கு எப்போதும் தனித்தனியாகத்தான் தெரிகின்றன. யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை.

அவளைக் கட்டிக்கொடுக்க எனக்கு மனமில்லை என்று அக்கம்பக்கத்தில் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது வீண்பழி. கேட்டு வந்தவர்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினேன். ஒருவன் பேசும்போது கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவனுக்கு வேலை வெளியூரில். ஒருவன் சிரிப்பு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் வாயை மூடவில்லை. நல்லவனாக ஒருவன் வந்தான், அவனிடம் குறை எதுவும் கண்டுபிடிக்க முடியாததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு எல்லாம் நான்தான். எனக்கு எப்போது பசிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

தலைவலி போன பிறகும், கண்ணாடியைச் சரிசெய்ய என்று அவள் அந்தக் கடைக்கு அடிக்கடி போய்வந்தாள். பிறகு அவள் கட்டிலுக்கு அடியில் ஒரு புதுப் பெட்டியைப் பார்த்தேன். பெருக்கும்போது தட்டுப்பட்டது. நான் பெருக்குவதில்லைதான், அன்று பெருக்கினேன். உள்ளே துணிகள், அவளுடைய சான்றிதழ்கள், அம்மாவின் சால்வை. தூக்கிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

அதே வாரம் தேய்ச்சான் பட்டறைக்கு வந்தான்.

"அண்ணே, இடது பக்கமா இழுக்குது. கையை விட்டா நேரா நடைபாதையில ஏறுது."

"கையை ஏன் விடுறே?"

"சும்மா, விட்டா என்ன பண்ணுதுன்னு பாக்கத்தான்."

"இவ்வளவு கீழ இறக்கியிருக்கியே, அடியில எறும்பு குனிஞ்சுதான் போகணும் போல."

"பாக்க அழகா இருக்குல்லண்ணே?"

அழகாகத்தான் இருந்தது. மழையில் நனைந்த கறுப்புப் பூனை பதுங்குவது போல இருந்தது. மெஷினில் ஏற்றினேன். திரையில் எல்லா எண்களும் சிவப்பு. ஓட்டுநர் இருக்கையில் அவன் எடைக்கு மூட்டை வைத்துவிட்டு, எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டேன்.

"யார் யார் ஏறுவாங்க?"

"நான் மட்டும்தாண்ணே."

"பின்னால சாமான் ஏதாவது?"

"சாப்பாட்டு டப்பா கணக்குல வருமா?"

"யோசிச்சுச் சொல்லுப்பா. இந்த மாதிரி வண்டிக்கு ஆள் கணக்குதான் உசுரு."

அவன் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தான். காது சிவந்திருந்தது. "தனியாத்தாண்ணே போறேன். கூட யாரு வரப்போறா?"

இதை நீங்கள் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும் சார். பொய் சொன்னது அவன். ஒரே ஒரு வார்த்தை உண்மையாகச் சொல்லியிருந்தால் இரண்டு பேர் எடைக்குச் செய்து கொடுத்திருப்பேன். கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒருவர் கூடுதலாக ஏறினால் தாங்குவதற்கு விடும் இடத்தை அன்று விடவில்லை. அவன்தான் கூட யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டானே. பின் சக்கரங்களை, மெஷின் பச்சை காட்டுகிற எல்லையின் கடைசிவரை கொண்டுபோய் அங்கே முடுக்கினேன். இதற்கு மேல் ஒரு மயிரிழை போனாலும் சிவப்பு. அப்படி நிறுத்துவது சுலபமில்லை. முதல் தடவை தவறிவிட்டது, திரும்ப அவிழ்த்துச் செய்தேன்.

அவன் டீ குடிக்கப் போயிருந்தான். பக்கத்து இருக்கையில் இன்னொரு மூட்டை வைத்தேன். தங்கையின் எடை எனக்குத் தெரியும். மருந்துக் கடை வாசலில் இருக்கும் மெஷினில் அவள் ஏறும்போதெல்லாம் சீட்டை என்னிடம்தான் காட்டுவாள். அந்தப் பெட்டியின் எடைக்குப் பின்னால் ஒரு பழைய சக்கரத்தை வைத்தேன். காரின் பின்பக்கம் மெல்ல உட்கார்ந்தது. ஸ்பிரிங் முழுதாக அமுங்கி ரப்பரில் போய் இடித்தது. பின் சக்கரங்கள் இரண்டும் மனஸ்தாபப்பட்டவர்களைப் போல ஒன்றுக்கொன்று விலகி வெளிப்பக்கம் பார்த்தன. எண்கள் சிவந்தன. இப்படி நிற்கிற கார் நேர்ச் சாலையில் ஒன்றும் செய்யாது. இறக்கத்தில், வளைவில், பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் காரின் வால் சுழன்று முன்னால் வந்துவிடும்.

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தபடி நின்றேன். பிறகு மூட்டையையும் சக்கரத்தையும் எடுத்துவிட்டேன். எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்குத் திரும்பின. நல்ல மெஷின்.

அவன் வந்து தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தான். தனியாகத்தான். கையை விட்டும் பார்த்தான் போலிருக்கிறது. "நூல் பிடிச்ச மாதிரி போகுதுண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு, என்னைக் கும்பிடலாமா வேண்டாமா என்பது போல ஒரு கணம் தயங்கினான். அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருந்தது. எல்லாம் வேறு மாதிரி இருந்திருந்தால் மாப்பிள்ளை என்று கூப்பிட்டிருக்கலாம்.

நான் யாரையும் எங்கேயும் அனுப்பவில்லை என்பதைப் பாருங்கள். அவன் தனியாகப் போனால் அந்தக் கார் அவனை ஆயுசு முழுவதும் பத்திரமாகக் கொண்டுபோயிருக்கும். அந்தக் காருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், என் தங்கை வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்பது.

கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி முந்தின நாளே காணாமல் போயிருந்தது. அவள் கிளம்பிய அன்று காலை என் சட்டைகளை எல்லாம் தேய்த்து அடுக்கியிருந்தாள்.

"மத்தியானத்துக்கு மூடி வெச்சிருக்கேண்ணா. சூடு பண்ணிக்கோ."

"நீதானே பண்ணுவே?"

"ஒரு நாளைக்கு நீதான் பண்ணேன். அடுப்பு உன்னைக் கடிக்காது."

செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். நான், "பாத்துப் போம்மா" என்றேன். அவள் எங்கும் போவதாக என்னிடம் சொல்லியிருக்கவில்லை. அப்படியே நின்றாள். திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் அவள் கண்கள் எப்போதையும்விடப் பெரிதாக இருந்தன. "கடைக்குத்தாண்ணா" என்றாள். செய்தித்தாளைப் புரட்டினேன். நான் எச்சரிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மழை என் வேலையல்ல. அது தானாக வந்தது.

ஊருக்கு வெளியே இறக்கத்தில் அந்த வளைவு இருக்கிறது. அவன் அந்த இடத்திலேயே போய்விட்டான். அவளுக்கு இடுப்பிலும் காலிலும் எலும்பு முறிவு. நடக்க நாளாகும், நடக்காமலும் போகலாம் என்கிறார்கள். பெட்டி திறந்து சால்வை மரத்தில் மாட்டியிருந்ததாம். அதை வாங்கித் துவைத்துக் காயவைத்திருக்கிறேன்.

நீங்கள் என்னைக் கூப்பிடவே இல்லை, நானாக ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். வண்டியைச் சோதித்த அதிகாரியின் அறிக்கையைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தேன். 'அலைன்மென்ட் வேலையில் கவனக்குறைவு' என்று இருந்தது. ஸ்பிரிங் வெட்டியவனைத் திட்டியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன், மழை என்றிருந்தாலும் சரிதான். ஆனால் கவனக்குறைவு என்று சொன்னால் எப்படி? இத்தனை வருடத்தில் ஒரு நட்டைக்கூட நான் கவனக்குறைவாக முடுக்கியதில்லை. அந்தக் காருக்கு உழைத்ததுபோல் வேறெதற்கும் உழைத்ததில்லை. இரண்டு பேர் ஏறினால் அது வளைவில் தடம் பிடித்து நிற்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தேன். ஏறப்போகும் இரண்டாவது ஆள் யார் என்று தெரிந்தே செய்தேன். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'முழுக் கவனத்துடன்' என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது சார். ஆஸ்பத்திரியில் சாயங்காலம்தான் உள்ளே விடுவார்கள். நான் போனால் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். என்னை உள்ளே விட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாளாம், நர்ஸ் சொல்கிறாள். மருந்தின் மயக்கம், என்ன எழுதுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. இந்த நேரத்தில் அவளைத் தனியாக விடக் கூடாது. பாவம், அவளுக்கு இப்போது என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.