வேலை வெட்டி இல்லாத கம்பி

...சுவரு விரிஞ்சா பியூனத் திட்டுறாங்க சார். நானா கட்டினேன்? கட்டினவன் செத்து நூறு வருஷம் ஆச்சு, அவனப் போய்க் கேக்க வேண்டியதுதானே... நீங்க பாட்டுக்கு டேப்பு பிடிங்க, நான் இப்படித்தான் பேசிக்கிட்டே இருப்பேன். இன்ஜினியர் வர்றாரு, கூடவே நில்லுன்னு பெரிய டீச்சர் உத்தரவு.

கட்டினவனுக்கும் மூளை கொஞ்சம் கம்மிதான். ஞாயித்துக்கிழமை சர்ச்சு, மத்த நாள் பள்ளிக்கூடம், ரெண்டுக்கும் இந்த ஒரே ஹால். சரி, இருக்கட்டும். வாசலப் பாருங்க, ரெண்டு. பசங்களுக்கு ஒண்ணு, பொண்ணுங்களுக்கு ஒண்ணு. உள்ள போனா எல்லாம் ஒரே இடம்தான்... எதுக்கு ரெண்டு? ஜன்னல் ஆள் உசரத்துக்கு மேல. புள்ளைங்க வேடிக்கை பாக்கக் கூடாதாம். தொடைக்கிறவன் ஏணியில தொங்கலாம், அது பரவாயில்ல. பெரிய டீச்சருக்கு இன்னொரு குறை. கணக்கு ஏறலைன்னா கூரை உசரம், எதிரொலிக்குதும்பாங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்... இது அவங்க காதுல விழ வேணாம், உள்ளதான் வாய்ப்பாடு நடக்குது.

ஆனா சார், மூடிடுங்கன்னு மட்டும் எழுதிடாதீங்க. நாப்பத்திமூணு புள்ளைங்க. மூடிட்டா டவுனுக்கு பஸ் ஏறணும். எம் பேத்தி நாலாவது படிக்கிறா, பஸ்ஸப் பாத்தாலே வாந்தி.

விரிசல் எப்போலேர்ந்தா? லாரி போறப்போ தரையே அதிருது, அதுவா இருக்கும். இல்லேன்னா மரத்து வேரு... சரியாச் சொல்லணும்னா ரெண்டு வருஷம். புறாத் தொல்லை ஒழிஞ்சுதுல்ல, அதுக்கு அடுத்த மழைக்கு.

அந்தத் தகடா? அழகுக்கு சார். ரெண்டு பக்கமும் சுவத்துக்கு வெளிய பூ மாதிரி வெச்சிருக்கான். இந்தப் பக்கத்துது போன மாசம் தானா விழுந்துச்சு. ஆணியடிச்சு மாட்டிட்டேன்.

குறுக்குக் கம்பியா? உங்களுக்கு எப்படித் தெரியும்? இருந்துச்சு... இந்தச் சுவத்துலேர்ந்து அந்தச் சுவரு வரைக்கும், தலைக்கு மேல. ஒரு ஃபேன் கூட மாட்டல. வேலை வெட்டி இல்லாத கம்பி. புறாதான் வரிசையா உக்காரும். நேர் கீழ எம் பேத்தி. நோட்டெல்லாம் எச்சம், தெனம் அழுகை. எம் மச்சான் வெல்டிங் பட்டறை வெச்சிருக்கான், லீவுல வந்து அறுத்துக் குடுத்தான். டொய்ங்னு ஒரு சத்தம் சார், காதே அடைச்சுப் போச்சு. கம்பி பத்திரமா இருக்கு. எங்க வீட்டுல துணி காயுது.

ஏன் சார் பின்னாடி போறீங்க...

அதுவா? அதுவா ரெண்டு சுவத்தையும் இழுத்துப் பிடிச்சிட்டு இருந்துச்சு...

சரி.

இப்பவேவா? எல்லாரையுமா? இருங்க, மணி அடிக்கிறேன்... கூடாதா? அதிருமா. சரி, அடிக்கல. சத்தம் போடாம கூட்டிட்டு வந்துடலாம். நீங்க பசங்க வாசல்ல போங்க, நான் பொண்ணுங்க வாசல்ல போறேன். கட்டினவன் ஒண்ணும் முட்டாள் இல்ல சார்.

மூணாவது வரிசைய மொதல்ல கூப்பிடுங்க. ரெட்டச் சடை போட்டவ எம் பேத்தி. அவகிட்ட கம்பி விஷயம் சொல்லிடாதீங்க. தாத்தா எனக்காகப் புறாவையெல்லாம் வெரட்டிட்டாருன்னு இன்னும் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறா.